வேட்டுக்கு ஒரு கை காணம்

புரட்டாசி பொறந்துட்டா முகம்மது மைதீனுக்கு உறக்கம் கிடையாது. குதிரை வண்டி ஓட்டுற மனுசன். சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல மத்த வண்டிக்காரனுவ ஒரு சவாரி முடிஞ்சா ஒரு குட்டித் தூக்கம் போடுவானுவ. இவரு மட்டும் வண்டியச் சுத்திச் சுத்தி வருவாரு. எங்கேயாவது ஒரு பய ஒத்தை வெடி போட்டுட்டாப் போதும், வெத்தலையை மெல்லுத வாய் அப்படியே நின்னுரும்.

நான் அந்த ஸ்டாண்டுல குதிரைகளுக்குப் புல்லுக்கட்டு வித்தவ. பேரு சுந்தரம்மாள். எமர்ஜென்சி முடிஞ்சு மறுவருசம் நடந்ததைச் சொல்லுதேன். எனக்கு வாய் நீளம்னு ஊருல ஒரு பேச்சு உண்டு. இருந்துட்டுப் போவுது. வாய் நீளமில்லன்னா அந்த வண்டிக்காரனுவகிட்ட புல்லு வித்து வீடு போய்ச் சேர முடியுமா?

மைதீன் அண்ணாச்சி மத்த மாசமெல்லாம் நல்ல மனுசன். நெடுநெடுன்னு உயரம், ஓயாத பேச்சு. ரயிலை விட்டு இறங்குற ஆளோட மூட்டையப் பாத்தே எந்தத் தெருவுக்குப் போறாருன்னு சொல்லிருவாரு. புளியங்குடியில எலுமிச்சை யாவாரம் பாக்குற ஒருத்தர், "மைதீன் வண்டியில ஏறினா காதுதான் வலிக்கும், இடுப்பு வலிக்காது" ம்பாரு. சாட்டைய வண்டியில செருகி வச்சிருப்பாரே ஒழிய அதை எடுத்து நான் பாத்ததில்ல. நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்குனா குதிரை புரிஞ்சுக்கிடும்.

வெடின்னு வந்துட்டா மட்டும் அந்த மனுசனைக் காணோம். நம்ம ஊருல தீவாளிக்கு மட்டுமா வெடி? சிவகாசி பக்கத்துல இருக்கப் போயி எதுக்கெடுத்தாலும் வெடிதான். பிள்ளை பெறந்தா வெடி, பொண்ணு பெரியவளானா வெடி, கிழவன் செத்தா வெடி. எலெக்ஷன்ல ஜெயிச்சவன் அவன் வீட்டு வாசல்ல ஒரு சரம் போட்டான்னா, தோத்தவன் வீட்டு வாசல்ல ரெண்டு சரம் போடுவான். பொழைக்கப் போற குதிரை எங்க போயி ஒளியும்?

அவருக்கு அந்தப் பயம் வந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. முந்தி சுல்தான்னு ஒரு வெள்ளைக் குதிரை வச்சிருந்தாரு. ஒரு தீவாளி அன்னைக்கு ரத வீதியில பயலுவ சரத்தைக் கொளுத்திக் காலுக்குள்ள எறிஞ்சதுல அது வெறிபிடிச்சு ஓடி, வண்டி குடை சாஞ்சு, உள்ள இருந்த வாத்தியாருக்குக் கை ஒடிஞ்சு போச்சு. சுல்தானுக்கு முன்னங்கால் போச்சு. காலு போன குதிரையை என்ன செய்வாக? அதோட முடிஞ்சுது. இதான் ஊருக்குத் தெரிஞ்ச கதை.

அதுக்குப் பொறவு கடையநல்லூர்ல இருந்து ஒரு செவலைக் குட்டியை வாங்கிட்டு வந்தாரு. பவுனுன்னு பேரு வச்சது அவரு பொஞ்சாதி ஷரீபா பீவி. வெயில்ல நின்னா நெசமாவே பவுனு நிறந்தான். ஒவ்வொரு தீவாளிக்கும் ரெண்டு நாளு முன்னாலயே பவுனை ஓட்டிக்கிட்டு பனவடலிசத்திரத்துக்குப் போயிருவாரு. அங்கன தெரிஞ்சவுக தோட்டத்துக் கிணத்து மேட்டுல கட்டிப்போட்டு, வெடிச் சத்தம் அடங்கின பொறவுதான் வருவாரு. நல்ல நாளும் பொழுதுமா சவாரி போச்சேன்னு மத்தவனுவ சிரிப்பானுவ. அவரு காதுல போட்டுக்கிட மாட்டாரு.

ஊருக்குள்ள இருக்கும்போது பவுனு காதுல பஞ்சு வைப்பாரு. கண்ணுக்கு அகலமா தோல்பட்டை. கல்யாண வீடு இருக்குற தெருவுன்னா சுத்திக்கிட்டுப் போவாரு. லகானைக் கையில ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சுக்கிட்டு, "ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்லடா" ன்னு முணுமுணுத்துக்கிட்டே ஓட்டுவாரு. அவரு 'ஒண்ணுமில்ல' ன்னு சொல்லுத தோரணையிலயே எனக்குப் பயம் வந்துரும். குதிரைக்கு வராதா?

அந்த வருசம் ஆவணியில ஒரு கல்யாணத்து வெடிக்கு பவுனு பின்னாலயே நகந்து ஒரு டீக்கடை பெஞ்சை ஒடிச்சுப் போட்டுச்சு. ஆளுக்கு அடி கிடையாது. ஆனா ஸ்டாண்டுக்கு மூத்தவரு அய்யாத்துரை, நியாயம் தப்பாத மனுசன், ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்த வேட்டியோட வந்து நின்னாரு.

"வே மைதீன், உம்ம ஒருத்தரால எல்லாரையும் ஸ்டேஷன் வாசல்ல இருந்து விரட்டிருவான். இன்னொரு வாட்டி அது மிரண்டுச்சுன்னா வித்துரணும். ஸ்டாண்டுல நிக்கக்கூடாது. நாங்க எல்லாரும் பேசித்தான் சொல்லுதோம்."

அந்தச் சமயம் பாத்து சுண்ணாம்பு சுடுற காளவாசலுக்குக் கல்லு இழுக்க ஒருத்தன் குதிரை தேடி அலைஞ்சான். அங்கன போன குதிரை எதுவும் அடுத்த ஆடி பாத்ததில்ல. நெஞ்செல்லாம் சுண்ணாம்புப் புண்ணா செத்துப் போவும். அவன் ரெண்டு தரம் ஸ்டாண்டுக்கு வந்து பவுனோட பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டுப் போனான். மூணாந்தரம் வந்தப்ப நான் புல்லு அறுக்குற அரிவாளை எடுத்துட்டேன். "உன் பல்லைக் காட்டுலே பாப்போம்" ன்னேன். போயிட்டான். ஆனா திரும்பி வருவான்னு எல்லாருக்கும் தெரியும்.

ஷரீபாவுக்கு அழுகையெல்லாம் வராது. அவ ஒரு மாதிரி. ஒரு காரியத்தைப் பாத்தா பாத்துக்கிட்டே இருப்பா. நான் சாயந்தரம் மிச்சப் புல்லைக் குடுக்க அவ வீட்டுக்குப் போனப்ப, லாயத்து முன்னால நின்னுக்கிட்டு, "யக்கா, ஒண்ணு கவனிச்சியளா?" ன்னா.

"என்னத்தட்டி?"

"காணம் அவிக்குற பானை மூடி இருக்குல்லா, இரும்பு மூடி. அது கீழ விழுந்தா தெருவே திரும்பிப் பாக்கும். அதுக்கு இவ மிரள மாட்டேங்கா."

எங்க பக்கம் கொள்ளைக் காணம்னுதான் சொல்லுவோம். குதிரைக்கு அதை அவிச்சுக் குடுத்தா அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். நான், "அது பழகின சத்தம்லா" ன்னேன்.

"பழகினதுனால இல்லக்கா. மூடிச் சத்தம் கேட்டா பின்னாலயே காணம் வருது. வெடிச் சத்தத்துக்குப் பின்னால என்ன வருது? மச்சான் கத்துதாக, லகானை இழுக்காக. அப்ப அது மிரளத்தானே செய்யும்? வெடிச் சத்தத்துக்குப் பின்னாலயும் காணம் வந்தா?"

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஆனா அவ சிரிக்கல. மைதீன் குதிரையைக் கட்டிப்போட்டுட்டு அந்திக்கு மக்ரிபு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனா, ராத்திரி இஷா தொழுகையும் முடிஞ்சுதான் வருவாரு. அவ வீட்டுக்குள்ள தொழுதுட்டு உடனே வெளிய வந்துருவா. அந்த இடைநேரந்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அவருகிட்ட மூச்சு விடல. தெரிஞ்சா அவருக்கு நெஞ்சு நின்னுரும்.

முதல்ல மூடியைத் தட்டினோம், ஒரு கை காணம். பொறவு தகர டின். அப்புறம் சின்னப் பிள்ளைக துப்பாக்கியில போடுற பொட்டு வெடி. பவுனு காதைப் பின்னால மடக்கும், தோலு சிலுக்கும். காணம் வாய்க்கு வந்ததும் மெல்ல ஆரம்பிச்சிரும். ஒரு நாளு கொஞ்சம் பதறினாக்கூட ஷரீபா மறுநாள் சத்தத்தைக் குறைச்சிருவா. அவசரப்பட மாட்டா. எனக்குத்தான் அவசரம். தீவாளி வந்துக்கிட்டு இருக்கு, இவ என்னன்னா டின்னைத் தட்டிக்கிட்டு இருக்காளேன்னு எனக்குக் கோவம் கோவமா வரும்.

ஓலை வெடி வாங்குறது என் பொறுப்பு. பெட்டிக்கடை சண்முகையா, "ஏத்தா, உன் வீட்டுல யாருக்கு இப்பம் வெடி ஆசை?" ன்னு கேட்டாரு.

"எனக்குத்தான்வே. உம்ம தலையில வச்சுக் கொளுத்தணும்னு ஒரு ஆசை."

அந்தாளு வெடியைப் பொட்டலம் கட்டி நீட்டிட்டாரு.

வீட்டுச் சொவருக்கு அங்கிட்டுப் போயி நான் கொளுத்துவேன். 'டப்'புன்னு கேட்டதும் ஷரீபா சொவத்தோரம் அடுப்புல இருந்து சட்டியைத் தூக்கிக்கிட்டு லாயத்துக்கு வருவா. நாளாக நாளாக நான் சொவத்துக்கு இங்கிட்டே வந்துட்டேன். கடைசியில பவுனுக்கு வெடின்னா கொண்டாட்டமாப் போச்சு. சத்தம் கேட்டதும் காது ரெண்டும் நிமிரும். கழுத்தை நீட்டிச் சத்தம் வந்த பக்கமாப் பாக்கும், கயிறு விட்ட மட்டும் முன்னால வரும். "மவ சோத்துக்கு அலையுதா பாரு" ன்னு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிக்குற விசயமா அது? ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது புத்தி வேலை செஞ்சிருக்கணும்.

மைதீன் வந்ததும் மூக்கை உறிஞ்சுவாரு. "ஷரீபா, வெடிமருந்து நாத்தம் அடிக்கே?"

"தெருப் பயலுவ மச்சான். இன்னும் தீவாளி வரலை, அதுக்குள்ள அவசரம்."

உடனே அவருக்கு நெத்தியில வேத்துரும். லாயத்துக்கு ஓடிப்போயி பவுனைத் தடவிப் பாப்பாரு. அது பாட்டுக்குப் புல்லை மென்னுக்கிட்டு நிக்கும். "பாவம், பயந்து போயிருக்கு" ம்பாரு. நான் சேலை முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு வெளிய வந்துருவேன்.

தீவாளிக்கு முந்தின வாரம், சாயந்தரம் ரயில் வந்துது. ஆறுமுகத்தாய்னு ஒரு பிள்ளை, கைக்குழந்தையோட ஆத்தா வீட்டுக்கு வந்தவ, மைதீன் வண்டியில ஏறினா. நானும் மிச்சப் புல்லுக்கட்டோட பின்னால தொத்திக்கிட்டேன். வெளிச்சம் இன்னும் போகல. மைதீன் குழந்தைக்கிட்ட என்னமோ வேடிக்கை பேசிக்கிட்டு ஓட்டுனாரு.

தெரு முக்கு திரும்புறோம், எதுத்தாப்புல ஒரு பெரிய சாவு. பேரன் பேத்தி எடுத்த கிழவருன்னு மேளமும் வேட்டுமா ஆட்டம் போட்டுக்கிட்டு வாரானுவ. முன்னால வேட்டுக்காரர் பிச்சையா, கையில கங்கு பிடிச்ச கயிறு, இடுப்புல வெடி நெறைஞ்ச நார்ப்பெட்டி. வண்டியைத் திருப்ப இடமில்ல. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் கடை வரிசை.

முதல் வேட்டுப் போட்டாரு பிச்சையா.

நான் என் கண்ணால பாத்தேன். பவுனு மிரளல. அசையக்கூட இல்ல. காதை நிமித்திக்கிட்டு நின்னுச்சு. எனக்கு உள்ள குளுந்து போச்சு. ஆனா அதே நேரம் நான் உக்காந்திருந்த பலகை நடுங்குச்சு. என்னடான்னு பாத்தா, மைதீன். அந்த நெடுமனுசன் காய்ச்சல்காரன் கணக்கா உதறுதாரு. லகானை ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்து இழுக்காரு. பவுனு வாய் கிழிய அண்ணாந்து பின்னால வருது. பின் சக்கரம் சாக்கடை விளிம்புக்குப் போயிட்டு. ஆறுமுகத்தாய் குழந்தையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு என் மேல சாஞ்சா.

"விடும் அண்ணாச்சி, லகானை விடும்" னு நான் கத்துனேன். அவரு காதுல ஏறல.

ரெண்டாவது வேட்டு. மைதீன் குதிச்சுட்டாரு. எங்களையும் வண்டியையும் பவுனையும் விட்டுட்டுக் குதிச்சு, கடை வாசல்ல போயி காதைப் பொத்திக்கிட்டு சொவத்தோட சொவரா உக்காந்துட்டாரு.

லகான் தளந்ததும் பவுனு தலையை ஒரு சிலுப்புச் சிலுப்புச்சு. வண்டியைச் சாக்கடை விளிம்புல இருந்து இழுத்துட்டு. அப்பாடான்னு மூச்சு விடுதேன், அது முன்னால நடக்க ஆரம்பிச்சிட்டு. ஓடல. நிதானமா, சட்டியப் பாத்துப் போற மாதிரி, நேரா பிச்சையாவைப் பாத்துப் போவுது. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வேட்டுச் சத்தம் கேட்டா அந்தப் பக்கம் காணம் இருக்கும். அதுக்கு நாங்க அப்படித்தானே சொல்லிக் குடுத்திருக்கோம்.

மேளக்காரனுவ தெறிச்சு ஓடினானுவ. பாடையைத் தூக்கினவனுவ மட்டும் கீழ போடவும் முடியாம ஓடவும் முடியாம நின்னானுவ. பிச்சையா பெட்டியையும் கயித்தையும் ஒண்ணாக் கீழ போட்டுட்டு ஒரு வீட்டுக்குள்ள பாய்ஞ்சாரு. கங்கு பிடிச்ச கயிறு பெட்டி மேலயே கிடக்கு. பவுனு போயி பெட்டிக்குள்ள மூஞ்சியை விட்டுட்டு.

நான் எப்படி இறங்குனேன்னு எனக்குத் தெரியாது. முட்டியில தோலு போயிருந்ததை மறுநாள்தான் பாத்தேன். கயித்தைக் கையால அள்ளி சாக்கடைக்குள்ள எறிஞ்சேன். உள்ளங்கை வெந்துட்டு. பவுனு பெட்டியை மோந்து பாத்து ஏமாந்து, மூக்குல நார் ஒட்டிக்கிட்டு என்னைப் பாக்குது. அது கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதுட்டேன். நடுத்தெருவுல, ஒரு பிணத்துக்கு முன்னால, குதிரையைக் கட்டிக்கிட்டு. அந்தக் கிழவருக்கு அவ்வளவு அழுதவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

பின்னாலயே அய்யாத்துரை வண்டி வந்துருந்துது. அவரு எல்லாத்தையும் பாத்துட்டாரு. ஆறுமுகத்தாயையும் குழந்தையையும் தன் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாரு.

நான் பவுனைக் கையில பிடிச்சு நடந்தேன். மைதீன் கொஞ்சம் தள்ளி வந்தாரு. எனக்கு அவரைப் பாக்கப் பாக்க எரிச்சல். பாதித் தூரம் வந்ததும் அவராத்தான் பேசினாரு.

"அன்னைக்கு சுல்தான் மிரளல சுந்தரம்மா."

நான் நின்னேன்.

"சரம் வெடிச்சப்ப அது நின்னுச்சு. நான்தான் இழுத்தேன். பொறவு குதிச்சிட்டேன். அதுக்கப்புறந்தான் அது ஓடிச்சு. யாருகிட்டயும் சொல்லல."

மனுசன் அத்தனை வருசம் அதை வயித்துல வச்சுக்கிட்டு, செத்த குதிரை மேல பழியைப் போட்டுட்டு எப்படிச் சோறு தின்னாரோ. கோவந்தான் வந்துது. கொஞ்ச தூரம் போனதும் பாவமாவும் இருந்துது.

மறுநாள் காலையில ஸ்டாண்டுல கூட்டம். காளவாசல்காரனும் எப்படியோ மோப்பம் பிடிச்சு வந்து நின்னான். அய்யாத்துரை அவனைத்தான் முதல்ல பாத்தாரு.

"குதிரை விக்கிறதுக்கில்ல. நேத்து நான் கண்ணால பாத்தேன், அது மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது." பொறவு மைதீன் பக்கம் திரும்பினாரு. குரலு இறங்கிட்டு. "பவுனு இங்கன நிக்கலாம் மைதீன். நீரு நிக்கக்கூடாது. வேற யாரையாவது வச்சு ஓட்டும். ஒரு கைக்குழந்தை போயிருக்கும்வே."

மைதீன் தலையை ஆட்டுனாரு. வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போனாரு. காளவாசல்காரனும் வெறுங்கையோட போனான், ஆனா அதுக்குச் சந்தோசப்பட ஒருத்தருக்கும் மனசு வரல.

அன்னைக்குச் சாயந்தரம் நான் ஷரீபா வீட்டுக்குப் போனப்ப அவ காணச் சட்டியைச் சொவத்தோரத்துல இருந்து தூக்கி, லாயத்துக்குப் பின்பக்கம் கொண்டு போயி வச்சிருந்தா. "தப்பு என் மேலக்கா" ன்னா. "சத்தம் ஒரு பக்கமும் காணம் எதிர்ப் பக்கமும் இருக்கணும். அப்பத்தான் சத்தத்தை விட்டு விலகி வரும். மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்." அவளுக்குப் புருசன் பொழப்புப் போனதுகூட ரெண்டாம்பட்சந்தான் போலன்னு நெனச்சேன். ஆனா அவ எடுத்து வச்ச சட்டியையே மறுபடியும் மறுபடியும் நகத்தி வச்சுக்கிட்டு இருந்தா.

நான் தீப்பெட்டியை எடுத்துக்கிட்டுச் சொவத்துக்கிட்டப் போறேன், மைதீன் வந்து நிக்காரு. மக்ரிபு முடிஞ்சதும் இஷாவுக்கு நிக்காம நேரா வந்துட்டாரு. இனி மறைக்க என்ன இருக்கு? நான் அப்படியே நின்னேன். திட்டுவாருன்னு பாத்தேன். அவரு லாயத்துக்குள்ள போயி பவுனுக்குப் பக்கத்துல, கூளத்து மேல உக்காந்தாரு.

"வெடி வேண்டாம் சுந்தரம்மா. மூடியில இருந்து ஆரம்பிங்க."

"மூடியெல்லாம் அவளுக்கு எப்பவோ முடிஞ்சு போச்சே அண்ணாச்சி."

"அவளுக்கில்ல" ன்னாரு. "எனக்கு."

ஷரீபா அவரையே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு கிட்டப் போயி, மூடியைக் கையில வச்சுக்கிட்டு, "பயமா இருக்கா மச்சான்?" ன்னு கேட்டா.

"இருக்கு."

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு வாயால அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதில்லன்னு பின்னால எங்கிட்டச் சொன்னா. அன்னைக்கு அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மூடியைப் பானை மேல மெதுவா ஒரு தட்டுத் தட்டினா.